மலைநடையும் மெலிந்த காற்றும்

நேபாளத்திற்குச் சுற்றுலா செல்வோருக்கு அங்கே துணிகரப் பொழுதுபோக்குகள் பல காத்திருக்கின்றன. திரிசூலி ஆற்றின் நுரை பொங்கும் ஓட்டத்தில் ரப்பர்ப் படகில் செல்லலாம். பொக்காராவுக்கு அருகிலுள்ள சாரங்கோட் குன்றிலிருந்து பாராகிளைடரில் பறக்கலாம். காலில் ரப்பர் வடத்தைக் கட்டிக்கொண்டு பாலத்தின் மேலிருந்து தலைகீழாகக் குதிக்கவும் செய்யலாம். இவற்றைப் பார்க்கும்போதே நெஞ்சு படபடக்கும். ஆகவே எவரும் எச்சரிக்கையோடுதான் அவற்றில் ஈடுபடுவர். ஆனால், எல்லாவற்றிலும் சாதுவாகத் தோன்றும் மலைநடைப் பயணத்தின் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. அது காற்றில் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள, அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிச் செல்லும் புகழ்பெற்ற நடைவழியை எடுத்துக்கொள்வோம். சுமார் 800 மீட்டர் உயரத்திலுள்ள பேசிசஹாரில் தொடங்கும் இவ்வழி, ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்திலுள்ள மனாங் என்னும் ஊரைக் கடந்து, 5,416 மீட்டர் உயரமுள்ள தோரங் கணவாயில் ஏறி, மறுபுறம் இறங்கி முக்திநாத்தை அடைகிறது. முக்திநாத் நம்மவருக்குப் புதிய பெயரன்று. 108 வைணவத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகக் கருதப்படும் தலம் அது. தமிழ்நாட்டிலிருந்து முதியோர் பலர் அங்கே செல்கின்றனர். (அங்கே ஓடும் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள், இமயமலை எழுவதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த உயிரினங்களின் புதைபடிவங்கள் என்பது தனிக் கதை.)

ஆக, ஒரே இடத்திற்கு இரண்டு வழிகள். நடைப்பயணி பத்து நாள்கள் போல நடந்து, கணவாயைத் தாண்டி வருகிறார். யாத்திரிகரோ 800 மீட்டரை ஒட்டிய பொக்காராவில் காலையில் சிறு விமானம் ஏறி, இருபது நிமிடங்களில் 2,700 மீட்டர் உயரத்திலுள்ள ஜோம்சோமில் இறங்கி, ஜீப்பில் அன்றைக்கே 3,700 மீட்டருக்கு மேல் உள்ள கோயிலைச் சேர்ந்துவிடுகிறார். உயரமான கணவாயைக் கடந்து வந்தவர் தெம்பாக நிற்க, உட்கார்ந்தபடியே வந்தவர் தலையைப் பிடித்துக்கொள்கிறார். இது ஏன்?

சதவீதம் குறைவதில்லை

“மலைமேல் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு” என்று தேர்வுத்தாளில் எழுதும் மாணவர்கள் இன்றும் உண்டு. அது சரியன்று. கடற்கரையிலும் தோரங் கணவாயிலும் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன்தான். குறைவது காற்றின் அழுத்தமே.

பஞ்சு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அடி மெத்தை நன்றாக நசுங்கியிருக்கும்; மேலே போகப் போக மெத்தைகள் உப்பலாக இருக்கும். காற்றும் இப்படித்தான். கடல் மட்டத்தில் நம்மை அழுத்தும் காற்று 760 மி.மீ. பாதரசத்தைத் தாங்குகிறது. 1648ஆம் ஆண்டில் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, பிரான்சிலுள்ள புய் தே தோம் மலையில் பாதரசக் குழாயோடு ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 செ.மீ. இறங்கி நின்றது. தோரங் கணவாயிலோ அது 400 மி.மீ. அளவில்தான் நிற்கும். அங்கே தண்ணீர் 83 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கணவாயின் உச்சியிலுள்ள சிறு கடையில் ‘கொதிக்கக் கொதிக்க’த் தேநீர் தந்தாலும் நாக்கு அவ்வளவாகச் சுடாது!

இனி ஒரு சிறு கணக்கு. மூச்சுக்குழாயில் நுழையும் காற்று உடலின் வெப்பத்தில் நீராவியால் நிறைந்துவிடுகிறது. இந்த நீராவி 47 மி.மீ. அழுத்தத்தைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு உயரே சென்றாலும் அதன் பங்கு குறைவதில்லை, வருமானம் குறைந்தாலும் குறையாத வீட்டு வாடகை போல! எஞ்சியதில் 21 சதவீதம் ஆக்சிஜனுக்கு. கடல் மட்டத்தில் 760இல் 47 போக 713. அதில் ஆக்சிஜனின் பங்கு ஏறக்குறைய 150 மி.மீ. கணவாயில் 400இல் 47 போக 353. பங்கு 74 மி.மீ. சரிபாதி! முக்திநாத்தில் இது 90 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். ஆக்சிஜனை இரத்தத்திற்குள் தள்ளுவது இந்த அழுத்தமே.

உயரமா, வேகமா?

ஆனால் உயரம் மட்டுமே காரணமென்றால் நடைப்பயணியல்லவா அதிகம் துன்பப்பட வேண்டும்? வரலாற்றில் இதற்கு விடை உண்டு. 1875 ஏப்ரல் 15 அன்று ‘செனித்’ என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கு மேல் ஏறினர். சில மணி நேரத்தில் அவ்வளவு உயரம். இருவர் இறந்தனர், திசாந்தியே என்பவர் மட்டும் உயிரோடு மீண்டார். 1978 மே 8 அன்று மெஸ்னரும் ஹாபெலரும் அதனினும் உயர்ந்த எவரெஸ்ட் உச்சியில், ஆக்சிஜன் உருளையின்றித் தம் கால்களால் ஏறி நின்றனர். அவர்கள் அதற்கு முன் பல வாரங்களை மலையிலேயே கழித்திருந்தனர்.

அந்த நாள்களில் உடல் என்ன செய்கிறது? இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. முதல் சில நாள்களில் நம்மைக் காப்பது மூச்சும் சிறுநீரகமும். ஆக்சிஜன் குறைந்தவுடன் நாம் அறியாமலே வேகமாக மூச்சு விடுகிறோம். இதனால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. மூளை இதை விரும்புவதில்லை. “மூச்சைக் குறை” என்று தடை போடுகிறது. இரவில் இந்த இழுபறி நன்கு தெரியும். தூங்குபவரின் மூச்சு சில விநாடிகள் நின்று, பிறகு பெருமூச்சாகத் தொடங்கும். சிறுநீரகங்கள் சில நாள்களில் பைகார்பனேட்டை வெளியேற்றிக் காரத்தன்மையைச் சரிசெய்த பின்னரே அந்தத் தடை தளரும். நடந்து வந்தவருக்கு இந்த நாள்கள் கிடைத்தன. விமானத்தில் வந்தவருக்குக் கிடைக்கவில்லை.

திபெத்திய வழியினரான அம்மலைவாசிகளின் நிலை வேறு. திபெத்தியரிடம் ‘ஈ.பி.ஏ.எஸ்.1’ என்ற மரபணுவின் தனிவகை பரவலாக இருப்பதை 2010இல் அறிவியலாளர்கள் கண்டனர். சுமைதூக்குபவர் ஓடுகிறாரே என்று நாமும் ஓடலாகாது.

அறிகுறிகள்

தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைச்சுற்றல் ஆகியவை முதல் அறிகுறிகள். “பயணக் களைப்புதான்” என்று இவற்றைத் தள்ளிவிடுவதுதான் பெரிய தொல்லை. உயரத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது உயரத்தால் வந்தது என்றே கொள்ளவேண்டும். அது தீரும்வரை மேலே ஏறக்கூடாது. ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால், மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். இரண்டுமே உயிரைப் பறிப்பவை. நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்கவேண்டும்.

உடல்வலிமை இதற்குக் காப்பன்று. வேகமாக ஏறும் இளைஞரே பலநேரம் முதலில் விழுகிறார். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்குவதும் மருத்துவர் கூறும் விதி. இப்பொழுது மனாங் வரை ஜீப் செல்வதால், நடைப்பயணிகளும் இதை மீறுவது எளிதாகிவிட்டது. சிறுநீரகத்தின் வேலையை விரைவுபடுத்தும் அசிட்டசோலமைடு என்ற மருந்து உண்டு. மருத்துவரைக் கேளாமல் அதை உட்கொள்ளக்கூடாது.

பெற்றோரை முக்திநாத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணுவோர், ஜோம்சோமிலோ அதனினும் தாழ்ந்த மார்ஃபா சிற்றூரிலோ ஓரிரவாவது தங்கிச் செல்லட்டும். தரிசனம் முடிந்ததும் அன்றே கீழிறங்கிவிடுவது நல்லது. இதயநோய் உள்ளவர், கோயிலின் பின்புறம் உள்ள 108 தாரைகளின் குளிர்ந்த நீரில் நனைவதற்கு முன் இருமுறை யோசிக்கவேண்டும்.

இறங்க முடியாதபடி பனி மூடிக்கொண்டால்? அதற்கும் இயற்பியல் ஒரு வழி தந்திருக்கிறது. நோயாளியைக் காற்றுப் புகாத நீண்ட பையில் படுக்கவைத்து, காலால் மிதிக்கும் பம்பினால் உள்ளே காற்றை அடைக்கின்றனர். அழுத்தம் சுமார் 100 மி.மீ. உயரும். 4,400 மீட்டரில் இருப்பவர், பைக்குள் 2,700 மீட்டரை ஒட்டிய நிலைக்கு ‘இறங்கி’விடுகிறார்! இதை உருவாக்கியவர் இகோர் காமோவ். இயற்பியல் மாணவர்கள் அறிந்த ஜார்ஜ் காமோவின் மகன். பைக்குள் இருக்கும்வரை பம்பை மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். இல்லையேல் கரியமில வாயு உள்ளே தேங்கிவிடும். ஓரிரு மணி நேரத்தில் நோயாளி எழுந்து நடக்கும் அளவுக்குத் தேறக்கூடும். பையை விட்டு வெளியே வந்ததும் சுற்றியுள்ள அழுத்தம் பழையபடிதான். ஆகவே மீண்டும் நோய் முற்றுவதற்குள் அவரைக் கீழே நடத்திச் செல்லவேண்டும்.