காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணியில் வீட்டு நாய்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பக்கம் தொழிற்சாலை மதில், மறு பக்கம் நெல்லும் நிலக்கடலையும் என்று நிலம் கலந்து கிடக்கிறது. சிப்காட் வளாகங்கள் வந்த பிறகும் ஏரிக்கரைப் புதர்களில் முயலும் கீரியும் உடும்பும் இருக்கவே செய்கின்றன. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பல கிராமங்களில் காட்டுப்பன்றித் தொல்லையும் உண்டு. ஓர் இரவில் பன்றிக் கூட்டம் புகுந்தால் அரை ஏக்கர் கடலை போய்விடும். அந்தக் கோபத்தில் சிலர் வரப்போரம் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். இறைச்சிக்காக முயல் கண்ணி வைப்பவர்களும் உண்டு.

கண்ணிக்குப் பன்றி எது, நாய் எது என்று தெரியாது. காவலுக்கு அவிழ்த்து விட்ட நாய், எலி தேடிப் போன பூனை, வேலி இடுக்கில் நுழைந்த வெள்ளாட்டுக் குட்டி ஆகியவையே பல நேரம் அதில் மாட்டுகின்றன. ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருக்கும் நல்ல நாயை இழப்பது சிறு விவசாயிக்குச் சிறிய நஷ்டம் அல்ல.

கண்ணி எப்படிக் கொல்கிறது?

இரு சக்கர வாகனத்தின் பழைய கிளட்ச் கம்பி, பிரேக் கம்பி போன்றவையே பெரும்பாலும் கண்ணியாகின்றன. சுருக்கு ஒரு முறை இறுகினால் தானாகத் தளராது. மாட்டிய நாய் இழுக்க இழுக்கக் கம்பி சதைக்குள் இறங்கும். கழுத்தில் விழுந்தால் மூச்சு அடைக்கும். இடுப்பிலோ காலிலோ விழுந்தால் ரத்த ஓட்டம் நின்று, அந்தப் பகுதி வீங்கிப் பின்னர் அழுகும்.

கம்பியை எடுத்தவுடன் நாய் எழுந்து ஓடினால் பிழைத்து விட்டது என்று நினைக்கக் கூடாது. ரத்தம் நின்றிருந்த சதை இரண்டு மூன்று நாள் கழித்தே கறுத்து உரியத் தொடங்கும். ஆகவே காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மாட்டிய பிராணியை விடுவிக்கும் முறை

இரவில் போன நாய் விடிந்தும் வரவில்லை என்றால் வேலி இடுக்கு, வரப்பு, புதரோர ஒற்றையடிப் பாதை ஆகிய இடங்களில் உடனே தேட வேண்டும். கையில் கட்டிங் பிளேயரும் கனமான சாக்கும் இருக்கட்டும்.

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். முதலில் தலையைச் சாக்கால் மூடி, மூச்சுக்குத் தடையில்லாமல் வாயைத் துணிப்பட்டையால் கட்ட வேண்டும். கழுத்து இறுகியிருந்தால் வாயைக் கட்டக் கூடாது. அடுத்து, கம்பி கட்டப்பட்டுள்ள முளைப் பக்கம் வெட்டி, இழுவையைத் தளர்த்த வேண்டும். பிறகு சுருக்கை வெட்டலாம். கம்பி சதைக்குள் புதைந்திருந்தால் பிடுங்கக் கூடாது. அப்படியே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

காயத்தில் மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் போடுவது தவறு. சுத்தமான நீரால் கழுவினால் போதும். ஆடு என்றால் ஜன்னி எனப்படும் டெட்டனஸ் தடுப்பு ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கேட்கலாம்.

விடுவிக்கும்போது நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சொந்த நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

கண்ணியை விடக் கொடியவை

வீட்டு மின்சாரத்தையோ பம்புசெட் மின்சாரத்தையோ நேராக வேலியில் விடுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. நிலத்துக்காரர் கைதானார். யானையைக் கொல்லும் கம்பி, விடியலில் மடை திறக்கப் போகும் சொந்த மகனை விட்டுவிடாது. வேலியில் பிராணி விழுந்து கிடந்தால் மின்சாரத்தை நிறுத்தாமல் தொடக் கூடாது.

அவுட்டுக்காய் எனும் வெடியும் அப்படியே. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வெடி மறைத்த காயைக் கடித்த கருவுற்ற யானை ஆற்று நீரில் நின்றபடியே இறந்தது. இறைச்சி வாசம் கண்டால் கவ்வும் நாய்க்கும், மேயும் பசுவுக்கும் இதே ஆபத்துதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பதும் வேட்டைதான். எதுவும் மாட்டாவிட்டாலும் முயற்சியே குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும், 2022 திருத்தத்துக்குப் பின் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உடும்பு போன்ற முதல் அட்டவணை விலங்கானால் தண்டனை இன்னும் அதிகம்.

காட்டுப்பன்றிக்கு வேறு வழி உண்டு. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் வருபவற்றைப் பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டுக்கும் அனுமதி இல்லை. சுடுவது வனத்துறையின் வேலை; விவசாயியின் வேலை அல்ல. பயிர்ச் சேதத்தை எழுத்து மூலம் வனச்சரக அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

துடிப்பு மின்சாரத்தில் இயங்கும் சூரிய மின்வேலி அதிர்ச்சி தருமே தவிர உயிரை எடுக்காது. தமிழகத்தில் 2023-இல் வந்த மின்வேலி விதிகள் பதிவும் அனுமதியும் பற்றிப் பேசுகின்றன. வேலி போடுவதற்கு முன் வனத்துறையிலும், மானியம் உண்டா என வேளாண் பொறியியல் துறையிலும் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டு எலிப்பொறியிலும் கவனம்

களத்திலும் தானிய அறையிலும் வைக்கும் கிட்டிப்பொறியில் பூனையின் காலும் கோழிக்குஞ்சும் சிக்கும். எலி மட்டும் நுழையும் அளவுக்குத் துளையிட்ட மரப்பெட்டிக்குள் பொறியை வைக்கலாம். கருவாடு வைத்தால் முதலில் வருவது பூனைதான். தேங்காய்ச் சில்லோ வறுத்த கடலையோ போதும். பசை அட்டையில் குஞ்சு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் சமையல் எண்ணெய் தடவி மெல்லப் பிரிக்க வேண்டும். எந்தப் பொறியானாலும் விடிந்ததும் பார்த்து எடுத்துவிட வேண்டும்.

நாயை இரவில் பட்டியருகே நீண்ட சங்கிலியில் கட்டலாம். கருத்தடை செய்த ஆண் நாய் அதிகம் சுற்றாது. பக்கத்து வயலில் கண்ணி தெரிந்தால் சண்டைக்குப் போகாமல் வனத்துறைக்குச் சொல்லலாம். ஊர்க்கூட்டத்தில் பேசி, கண்ணியும் வெடியும் திருட்டு மின்சாரமும் வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தால், ஊராரின் நாயும் ஆடும் மட்டுமல்ல, இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரும் பத்திரமாக வீடு திரும்புவார்.