பஸ்ஸும் பசுவும்

ஜப்பான் தேசத்துப் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் கற்பிக்கச் செல்லும் அயல்நாட்டு உபாத்தியாயருக்கு முதற் சோதனை காதில்தான் ஆரம்பமாகிறது. அவர் 'பஸ்' என்று சொல்லித் தருகிறார். வகுப்பு முழுவதும் ஒரே குரலாக 'பஸு' என்கிறது. 'மில்க்' என்றால் 'மிருக்கு' என்கிறது. நம்மவர் யாரேனும் வாசலில் நின்று கேட்டால், பசுவைப் பற்றித் தமிழ்ப் பாடம் நடக்கிறது, நான்காம் வேற்றுமை வரைக்கும் வந்துவிட்டார்கள் என்றே எண்ணிக்கொள்வார்!

காரணம் எளிதுதான். ஜப்பானிய எழுத்துக்கள் பெரும்பாலும் நம்முடைய உயிர்மெய்யைப் போன்றவை. 'ன்' போன்றதோர் ஒலியைத் தவிர, அவர்கள் நாவில் மெய்யெழுத்து சொல்லின் கடைசியில் தனித்து நில்லாது. லகரமும் ரகரமும் அவர்களுக்கு ஒன்றே. 'தினந்தோறும் சோறு உண்கிறேன்' என்று சொல்லப் புகுந்த பிள்ளை, 'தினந்தோறும் பேன் உண்கிறேன்' என்று சொல்லிவிடுவதும் உண்டு. நாம் நகைக்க வேண்டியதில்லை. 'இஸ்கூல்' என்று சொல்லாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்?

இதைக் காட்டிலும் பெரிய சங்கடம் மௌனம். ஒரு கேள்வி கேட்டால் பையன் எழுந்து நிற்பான், அண்டையிலிருப்பவனைப் பார்ப்பான், வாய் திறவான். புதிதாய் வந்தவர் இதை மந்தபுத்தி என்று தப்பர்த்தம் செய்துகொள்கிறார். நாற்பது பேர் நடுவில் பிழையாகப் பேசுவதற்குக் கூசுகிறான், அவ்வளவே. 'உனக்கு மீன் பிடிக்காதா?' என்று கேட்டால், பிடிக்காதவன் 'எஸ்' என்கிறான். வெள்ளைக்காரருக்கு இது புதிர். 'ஆமாம், பிடிக்காது' என்று சொல்லிப் பழகிய நமக்கு அதில் புதிர் ஏது?

1987-ஆம் வருஷம் ஜப்பானிய சர்க்கார் நான்கு தேசங்களிலிருந்து 848 இளைஞர்களைத் தருவித்துத் தொடங்கிய 'ஜெட்' திட்டத்தில், வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உதவி ஆசிரியர்களே. பாடத்தின் பொறுப்பு உள்ளூர் ஆசிரியருடையது. பிரவேசப் பரீட்சையோ இலக்கணத்தையும் மொழிபெயர்ப்பையும் கேட்கும். ஆகவே பல வகுப்புக்களில் விருந்தாளி, பாடத்தை உரக்க வாசித்துக் காட்டும் கிராமபோனாக நின்றுவிடுகிறார். அவர்மீது எனக்கு மெய்யாகவே இரக்கம் உண்டு.

ஆனால் வேறொரு பக்கமும் இருக்கிறது. நாவலாசிரியர் நட்ஸுமே ஸோஸெகி தாமே இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். 1900-ல் லண்டனுக்கு அனுப்பப்பட்டவர். பிள்ளைகளின் இங்கிலீஷ் குன்றிவிட்டதென்று பலரும் அங்கலாய்த்தபோது, 1911-ல் அவர் எழுதினார்: தம் காலத்தில் எல்லாப் பாடங்களையும் இங்கிலீஷிலேயே படித்தோம், சுதந்தர தேசத்துக்கு அது ஓர் அவமானம், பாடங்கள் ஜப்பானிய பாஷைக்கு மாறியபின் இங்கிலீஷ் குறைவது இயல்பே என்று. அந்த அவமானத்துக்கு அவர் எடுத்துக்காட்டிய உவமை எது தெரியுமா? இங்கிலாந்துக்கு அடிமைப்பட்டிருந்த நம் இந்தியா!

அதைப் படித்த மறுநாள், விஞ்ஞானப் பாடம் ஒன்றை இங்கிலீஷில் நடத்தி முடித்துவிட்டு, 'புரிந்ததா?' என்று அந்தப் பாஷையிலேயே கேட்டேன். 'எஸ் ஸார்' என்று வகுப்பே முழங்கிற்று. பாடத்தில் படித்ததைத் தமிழில் சொல்லும்படி ஒரு பையனை எழுப்பினேன். எழுந்து நின்றான், அண்டையிலிருப்பவனைப் பார்த்தான்.