துப்பாக்கியைத் தின்ற உப்பு

மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு கசிந்து ஈரமாக இருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்கிறது. சமைக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் இந்தச் சின்ன விஷயம் பிடிபடாமல், அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஏறக்குறைய 30 ஆண்டுக் காலம் தங்கள் அருமை ரைபிள்களைப் பாழாக்கிக்கொண்டிருந்தார்கள்!

ரைபிளின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்காது. திருகாணியில் இருப்பது போன்ற வரிகள் அதில் சுற்றிச் சுற்றி வெட்டப்பட்டிருக்கும். அந்த வரிகளில் பிடிபட்டு, குண்டு பம்பரம் போல் சுழன்றுகொண்டே வெளியே வரும். சுழல்வதால்தான் அது தடுமாறாமல் நேரே போகிறது. வரி தேய்ந்தாலும், அதில் துரு குழி பறித்தாலும் குறி தவறும். மானின் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் படும். மான் உடனே சாகாது. புதருக்குள் ஓடி, பல மணி நேரம் துடித்துச் சாகும். நல்ல வேட்டைக்காரன் இதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று நினைப்பான்.

இனி எதற்கு வெந்நீர்?

பழைய கறுப்பு வெடிமருந்தைச் சுட்டால் புகை மண்டும். குழலில் கரி அப்பிக்கொள்ளும். அதனால் சுட்டு முடித்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவுவது வழக்கம்.

1886-ம் ஆண்டில் பிரான்ஸ் தன் படைக்குப் புகையில்லா மருந்துத் தோட்டாவைக் கொடுத்தது. 1895-ல் அமெரிக்க வேட்டைக்காரர்களின் கைக்கும் அது வந்தது. எத்தனை முறை சுட்டாலும் குழலில் கரி அப்பவில்லை. இனி எதற்கு வெந்நீர்? எண்ணெய்த் துணியால் துடைத்துச் சுவரில் மாட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் உள்ளே துரு! மறுபடி துடைத்தார்கள். மறுபடியும் துரு! புதிய மருந்தின் அமிலம் இரும்புக்குள் ஊறிப் போய், வியர்வை போலக் கசிகிறது என்று பலரும் நம்பினார்கள். அமிலத்தை முறிக்கும் எண்ணெய்கள் கடைகளில் விற்றன. துரு மட்டும் நிற்கவில்லை.

உண்மைக் குற்றவாளி

தோட்டாவின் அடியில் சின்னக் கிண்ணம் போன்ற கேப் ஒன்று இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டியதும் தீப்பொறி பறந்து மருந்து பற்றிக்கொள்ளும். அந்தக் கேப்பில் அக்காலத்தில் பொட்டாசியம் குளோரேட் சேர்த்தார்கள். சிவகாசித் தீக்குச்சியின் தலையில் இருப்பதும் இதே பொருள்தான். எரிந்ததும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகிவிடுகிறது. அதாவது, நம் சமையல் உப்புக்கு உடன்பிறந்த தம்பி!

கண்ணுக்குத் தெரியாத அந்த உப்பு குழல் முழுதும் படிந்தது. எண்ணெயில் உப்பு கரையாது. எத்தனை எண்ணெய் போட்டாலும் அது அங்கேயே கிடந்தது. ஈரக்காற்று பட்டதும் நீர் கோத்து இரும்பைத் தின்றது. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்கச் சுரங்கத் துறை ஆய்வாளர் வில்பர்ட் ஹஃப் இதை நிரூபித்தார். மருந்து நிரபராதி! முந்தைய காலத்தில் குழலைக் காப்பாற்றியது அந்த வெந்நீர்தான்.

1920-களின் பிற்பகுதியில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் உப்பு விடாத கேப்புகள் விற்பனைக்கு வந்தன. இன்றும் பழைய ராணுவத் தோட்டாவைச் சுடுகிறவர்கள் புனலும் வெந்நீருமாக உட்காருவதைக் காணலாம்.

வீட்டிலே தோட்டா

ஆனாலும் குறி தவறினால், இன்றைக்கும் பழி முதலில் மருந்தின் மேல்தான் விழுகிறது. அமெரிக்காவில் பலர் வேட்டைத் தோட்டாவை வீட்டு மேஜையிலேயே செய்கிறார்கள். சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, புதுக் கேப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகுவார்கள். நிறுவை கிரெயின் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின்! நகைக்கடைத் தராசு தோற்றுப்போகும்.

மருந்துக் கம்பெனி புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டினால் துப்பாக்கியே வெடித்துவிடலாம். ஆகவே குறைந்த அளவில் தொடங்குவார்கள். ஒவ்வொரு அளவிலும் நாலைந்து தோட்டா செய்து, 100 கஜ தூரத்தில் காகிதத்தைச் சுட்டுப் பார்ப்பார்கள். எந்த அளவில் துளைகள் நெருங்கி விழுகின்றனவோ, அதுதான் அந்த ரைபிளுக்குப் பிடித்த தோட்டா. அண்ணன் ரைபிளுக்குப் பிடித்தது தம்பி ரைபிளுக்குப் பிடிக்காது. ஒரே கம்பெனியில் பிறந்தவையாக இருந்தாலும் அப்படித்தான்!

இப்படிப் பொறுக்கி எடுத்த தோட்டா, ஒரு நாள் துளைகளைச் சிதறடிக்கத் தொடங்கும். அவசரக்காரர் உடனே மருந்தை மாற்றுவார். விவரம் அறிந்தவர் முதலில் குறி பார்க்கும் தொலைநோக்கியின் திருகுகளை முடுக்கிப் பார்ப்பார். குழல் வாயின் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பிறகு அம்மோனியா கலந்த திரவத்தில் நனைத்த துணியை உள்ளே ஓட்டுவார். துணி நீலமாக வெளியே வந்தால், குண்டின் செம்புத் தோல் வரிகளில் அப்பியிருக்கிறது என்று பொருள். அதைப் போக்கியதும் பல ரைபிள்கள் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் கோளாறு தொண்டையில் இருக்கலாம். குண்டு வரிகளுக்குள் நுழையும் இடம் அது. மருந்து எரியும் கணத்தில் அங்கே வீசும் சூடு, இரும்பை உருக்கும் சூட்டையும் மிஞ்சும். மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால், கோடையில் வறண்ட ஏரித் தரை போல் வெடித்திருக்கும். மருந்து அதிகம் பிடிக்கும் தோட்டா என்றால் 1,000 அல்லது 2,000 குண்டுகளிலேயே இந்த நிலை வரும். அடக்கமான தோட்டா 5,000 வரை தாங்கும். ஆண்டுக்கு 20 குண்டு சுடும் வேட்டைக்காரனுக்குக் குழல் ஆயுள் முழுதும் உழைக்கும். நல்ல தோட்டா தேடிச் சுட்டுக்கொண்டே இருப்பவர்தான் அதைத் தேய்க்கிறார்!

தொண்டை லேசாகத் தேய்ந்திருந்தால், குண்டைக் கொஞ்சம் முன்னே நீட்டிச் செருகிச் சில காலம் ஓட்டலாம். அப்புறம் புதுக் குழல்தான். கழற்றிய பழைய குழலுக்கும் அவர்கள் ஒரு வேலை சொல்லிச் சிரிப்பார்கள்: தோட்டத்துத் தக்காளிச் செடிக்கு முட்டுக் கம்பு!