ஷேக்ஸ்பியர் வீட்டுத் தரைக்கு அடியில் ஆட்டு ரோமம்!

இங்கிலாந்தில் ஸ்ட்ராட்போர்டு என்று ஓர் ஊர். நாடக மேதை ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீடு என்று சொல்லப்படும் வீடு இன்றும் ஹென்லி தெருவில் இருக்கிறது.

19-ம் நூற்றாண்டில் அந்த வீட்டில் ஒரு பக்கம் பழைய தரையைப் பெயர்த்துப் புதுத் தரை போட்டார்கள். அடியில் இருந்த மண்ணில் ஆட்டு ரோமத் துணுக்குகள் கிடைத்தன!

அவை எப்படி அங்கே வந்தன?

தகப்பனார் தொழில்

ஷேக்ஸ்பியரின் தகப்பனார் பெயர் ஜான். தோலைப் பதனிட்டுக் கையுறை தைத்து விற்பவர். அதோடு ஆட்டு ரோமமும் வாங்கி விற்றார்.

அந்தக் காலத்தில் நினைத்தவர் எல்லாம் ரோம வியாபாரம் செய்ய முடியாது. துணி உற்பத்தி செய்கிறவர்களும், உரிமை பெற்ற ஏற்றுமதி வணிகர்களும்தான் வாங்கலாம் என்று 1552-ல் சட்டம் வந்திருந்தது. இடைத்தரகர்கள் புகுந்தால் விலை ஏறிவிடும் என்ற பயமே காரணம்.

1572-ல் ஜான் மீது புகார் வந்தது. சட்டத்தை மீறி 300 'டாட்' ரோமம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. ஒரு டாட் என்பது 28 ராத்தல். ஆக மொத்தம் 8,400 ராத்தல். இன்றைய கணக்கில் சுமார் 3,800 கிலோ!

நாடகத்தில் ஆட்டுக் கணக்கு

மகன் வில்லியம் இந்த வியாபாரத்தைப் பார்த்து வளர்ந்தவர். 'குளிர்காலக் கதை' என்ற அவருடைய நாடகத்தில், இடையன் மகன் ஒருவன் கணக்குப் போடுகிறான். 11 கடாக்களின் ரோமம் ஒரு டாட். ஒரு டாட் 21 ஷில்லிங். 1,500 ஆடுகளுக்கு எவ்வளவு? பாவம், அவனால் முடியவில்லை!

விடை சுமார் 143 பவுன். ஸ்ட்ராட்போர்டு பள்ளி ஆசிரியருக்கு அப்போது ஆண்டுச் சம்பளமே 20 பவுன்தான். ஆட்டு மந்தை எப்பேர்ப்பட்ட செல்வம் என்று பாருங்கள்!

பள்ளத்தை மூடிய பெண்கள்

ஆனால் இந்தச் செல்வம் ஏழைகளுக்குத் துன்பமாகவும் முடிந்தது. உழுகிற நிலத்துக்குப் பல ஆட்கள் வேண்டும். ஆடு மேய்க்க ஓர் இடையனும் ஒரு நாயும் போதும். ஆகவே நிலக்காரர்கள் வயல்களை வேலியிட்டு வளைத்து மேய்ச்சல் நிலமாக்கினார்கள். குடியானவர்கள் வேலை இழந்து தவித்தார்கள்.

1614-ல் ஸ்ட்ராட்போர்டுக்கு அருகே வெல்கோம்ப் வயல்களையும் வளைக்க முயற்சி நடந்தது. எல்லை காட்டப் பள்ளம் தோண்டினார்கள். 1615 ஜனவரியில் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் திரண்டு போய் அதை மண் போட்டு மூடினார்கள்!

ஷேக்ஸ்பியர் என்ன செய்தார்? அந்த வயல்களின் விளைச்சலில் அவருக்கும் பங்கு வருமானம் உண்டு. தமக்கு நஷ்டம் வந்தால் ஈடு தரவேண்டும் என்று 1614 அக்டோபரிலேயே ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டார்.

1616-ல் தலைமை நீதிபதி கோக், வயல்களை வளைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் ஷேக்ஸ்பியர் காலமானார். வெல்கோம்பில் ஏர் தொடர்ந்து ஓடியது.