கேட்காமல் குடியேறிய செயலிகள்

தோட்டத்துத் தோழர்களே! நாங்கள் போகும் லயங்களிலெல்லாம் இந்தப் புகார்தான். தவணையில் வாங்கின கைப்பேசியில் நாம் கேட்காத விளையாட்டும் கடையும் முன்னமே குடியிருக்கின்றன. பேரப்பிள்ளை படம் அனுப்பினால் இடமில்லையாம். டாப் அப் போட்ட காசும் சீக்கிரம் கரைகிறது.

ஆண்ட்ராய்டு போனென்றால் அந்தச் சின்னத்தை அழுத்திப் பிடியுங்கள். 'அன்இன்ஸ்டால்' வந்தால் ஒழிந்தது. வராவிட்டால் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' திறந்து, அதன் பெயரைத் தொட்டு, 'டிசேபிள்' கொடுங்கள். வீட்டை விட்டுப் போகாது. ஆனால் ஓடாது, டேட்டாவும் தின்னாது. புரியாத பெயருள்ளதைத் தொடாதீர்கள், போனே முடங்கலாம். யாராவது 'ஃபேக்டரி ரீசெட்' போடச் சொன்னால் கேட்காதீர்கள். நம் படங்கள் போய்விடும், அவை அத்தனையும் திரும்பி வரும்!

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல், அத்தியாவசியமானவை தவிர மற்றவற்றை நீக்கப் பெரிய நிறுவனங்கள் வழிவிட வேண்டுமென்று சட்டமே உண்டு.