போறணையில் வேகும் தீந்தை

மோட்டார்ச் சைக்கிளின் உறுப்புகளுக்கு வீட்டிலேயே தீந்தை பூசுவோர், பூச்சு உலர்ந்ததும் வேலை முடிந்ததென எண்ணிவிடுகின்றனர். எனாமல்களிற் சில, 100 பாகை செல்சியசை அண்டிய அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்திலேயே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். அதன் பின்னரே சிந்திய பெற்றோலையும் தாங்கும். தொழிற்சாலைகளில் இதற்கெனப் போறணைகள் உள. 1930களில் ஃபோர்ட் நிறுவனத்தார் மின்விளக்குகளின் வெப்பத்தாலேயே கார்ப் பூச்சினை உலர்த்தினர்.

இதனைப் படித்த நாமும் பழைய றங்குப் பெட்டியொன்றில் 100 உவாற்று மின்குமிழ்கள் நான்கைப் பொருத்தினோம். (அடுப்பறைப் போறணையைத் தர வீட்டார் மறுத்தமை நியாயமே, தீந்தைப் புகை படிந்ததில் உணவு சமைத்தலாகாது.) சங்கிலி மூடியைப் பூசிய கையோடு உள்ளே தொங்கவிட்டோம். சிறிது நேரத்தில் அம்மை கண்டதுபோல எங்கும் கொப்புளம்! மேற்பரப்பு முந்தி இறுகவே, உள்ளே அகப்பட்ட கரைப்பான் ஆவியாகி மேலெழுந்திருக்கிறது. அந்த ஆவி மூடிய பெட்டியில் நிறைந்திருக்கையில் ஒரு மின்பொறி தெறித்திருந்தால் வீடே எரிந்திருக்கும். பெற்றோற் தாங்கியை, வெறுமையானதாயினும், இவ்வாறு சூடாக்கவே கூடாது.

மறுமுறை மெல்லிய பூச்சுகளாக இட்டு, பேணியிற் குறித்த நேரத்தினும் கூடுதலாகக் காற்றாட விட்டு, பெட்டியையும் முற்றத்துக்குக் கொணர்ந்து, மூடியைச் சற்றே திறந்துவைத்தோம். இன்று அதில் நகத்தால் அழுத்தினாலும் தழும்பு விழுவதில்லை.