ஒற்றைக்காலில் நின்ற பந்து வீச்சாளர்

மாணவர்களே, 'விடாமுயற்சி' என்று கட்டுரைத் தலைப்பு வந்தால் போதும், உடனே எடிசன் வந்துவிடுவார்! திருத்துகிற ஆசிரியர் நாற்பதாவது தாளிலும் அதே மின்விளக்கைத்தான் பார்க்கிறார். இந்த முறை வேறொருவரைத் தெரிந்துகொள்வோமா?

அவர் பெயர் பெர்ட் ஷெப்பர்ட். 1920இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். பேஸ்பால் ஆட்டத்தில் இடக்கைப் பந்து வீச்சாளர். சிறிய லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர் இரண்டாம் உலகப் போரில் போர் விமானி ஆனார். 1944 மே மாதம் ஜெர்மனியில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். கைதி முகாமில் இருந்த கனடா நாட்டுக் கைதி ஒருவர் அவருக்குச் செயற்கைக்கால் செய்து கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு ஷெப்பர்ட் மீண்டும் பந்து வீசிப் பழகினார்.

1945இல் கைதிகள் பரிமாற்றத்தில் நாடு திரும்பினார். மருத்துவமனையில் உயர் அதிகாரி ஒருவர், இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். பேஸ்பால் ஆடப் போகிறேன் என்பதுதான் பதில். அந்த அதிகாரி சொன்னதன்பேரில் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி அவருக்கு வாய்ப்புத் தந்தது.

1945 ஆகஸ்டு 4. எதிரணி பாஸ்டன் ரெட் சாக்ஸ். நான்காம் இன்னிங்ஸில் மட்டும் பாஸ்டன் 12 ஓட்டங்கள் குவித்துவிட்டது. மூன்று தளங்களிலும் ஆள் நிற்கிற நேரத்தில் ஷெப்பர்டை இறக்கினார்கள். எதிரே நின்றவரை 'ஸ்டிரைக் அவுட்' செய்து அந்த இன்னிங்ஸை முடித்தார். ஆட்டம் முடியும்வரை அவரே வீசினார். மொத்தம் 5⅓ இன்னிங்ஸ். விட்டுக்கொடுத்தது ஒரே ஓர் ஓட்டம்.

அதென்ன 5⅓ என்று கேட்கிறீர்களா? ஓர் இன்னிங்ஸில் ஓர் அணிக்கு மூன்று 'அவுட்'. ஆக, ஓர் 'அவுட்' எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவுதான்!

வாஷிங்டன் 15–4 என்று தோற்றது. பெரிய லீக்கில் ஷெப்பர்ட் ஆடிய முதல் ஆட்டமும் கடைசி ஆட்டமும் அதுதான்.

இங்கேதான் கவனம் தேவை. 'பிறகு அவர் உலகப் புகழ்பெற்ற நட்சத்திரமானார்' என்று முடித்துவிடாதீர்கள். அது உண்மை இல்லை. முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் படையில் இருந்ததால் அணிகளில் இடம் காலியாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். போர் முடிந்ததும் அவர்கள் திரும்பிவிட்டார்கள். ஆனால், கிடைத்த அந்த ஒரு வாய்ப்புக்கு அவர் தயாராக இருந்தார். கட்டுரைக்கு இந்தக் கருத்தே போதும்.

'மனிதநேயம்' என்ற தலைப்புக்கும் இவர் கைகொடுப்பார். விழுந்து கிடந்தவரைக் கோபங்கொண்ட ஊர்க்காரர்களிடமிருந்து காப்பாற்றியவர் எதிரிப் படையின் மருத்துவர் லாடிஸ்லாஸ் லோய்டல். 1993இல் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள்.

பயிற்சி: 'ஒற்றைக்காலில் நிற்றல்' என்ற மரபுத்தொடருக்குப் பிடிவாதமாக இருத்தல் என்று பொருள். ஷெப்பர்டைப் பற்றி இத்தொடரைப் பயன்படுத்தி ஒரு வாக்கியம் எழுதுங்கள். அவருடைய உடற்குறையைக் கேலி செய்வதாக அது அமையக்கூடாது.